கொள்ளிக்கு ஒரு மனு

கொள்ளி என்றாலே சுடுகாடு என்று எண்ணும் பெரும்பிழை நாட்டில் பரவியிருக்கிறது. யுத்தத்துக்கு முன் இதைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும். நெருப்பைக் கொள்வது கொள்ளி; கொளுத்துவதும் அதே வேர். மட்டக்களப்பில் அடுப்பெரிக்கும் கட்டையெல்லாம் கொள்ளிதான். தமிழ் படிப்பித்து ஓய்ந்தபின் அரச அலுவலக வாசலில் ஊராருக்கு மனு எழுதிப் பிழைத்தவன் நான். ஊருக்காக எழுதி, உதையை மட்டும் சொந்தமாக வாங்கும் மனு எழுதும் இனத்தாருக்கு இது விளங்கும்.

பற்றும் சொல்

வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து எதைக் கொண்டுவரவும் அனுமதி வேண்டிய யுத்த காலம். காத்தான்குடியில் பேக்கரி வைத்திருந்த அசனார் காக்கா வந்தார்; முஸ்லிம் அண்ணன் என்றால் எங்களூரில் காக்கா. அவரிடம் இரண்டு நாளுக்குத்தான் கட்டை இருந்தது. பாண் வேகும் போறணை அடுப்பு அணைந்தால் வேலைக்கு நிற்கும் நாலு பேரும் வீட்டுக்குப் போகவேண்டும். "கிழமைக்கு இரண்டு தோணி கொள்ளி" என்று எழுதினேன். விறகு என்று போடலாமே என்றார். விறகு வெட்டிப் போட்டது, கொள்ளிதான் பற்றத் துணிந்தது என்று விளக்கினேன்.

"பத்தட்டும் மாஸ்டர், பாண் வெந்தாப் போதும்."

அனுதாபம்

அனுமதி கொடுக்கும் பெரிய ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மனுவை வாசித்து, எங்கள் இருவரையும் கூப்பிட்டு, எழுந்து நின்றார்.

"கிழமைக்கு ரெண்டு தோணியோ? அங்கை அவ்வளவு செத்தவீடே?"

காக்காதான் பதில் சொன்னார்.

"நாங்க மையத்த மண்ணுக்குள்ள அடக்குற ஆக்கள் ஐயா. நெருப்புக்குள்ள போறது பாண் மட்டுந்தான்."

உம்

பெரிய ஐயா சிரித்துவிட்டார். ஆனால் விறகு என்று மாற்றாமல் கையெழுத்து வைக்கமாட்டாராம். நான் வேர்ச்சொல்லைத் தொடங்கினேன். காக்கா என் காலை மிதித்தார். கடைசியில் "கிழமைக்கு இரண்டு தோணி கொள்ளியும் விறகும்" என்று எழுதி நீட்டினேன்.

"விடமாட்டியள் போல, மாஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

துறையில்

அடுத்த நாள் நானும் காக்காவோடு தோணித்துறைக்குப் போனேன். அங்கே அனுமதி பார்த்த எழுதுவினைஞர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"கொள்ளி ரெண்டு தோணி, விறகு ரெண்டு தோணி. எல்லாமா நாலு. சரிதானே காக்கா?"

காக்கா என்னைப் பார்க்கவேயில்லை.

"ஓம் தம்பி, எழுதியிருக்கிறபடிதான்."

அந்தக் கிழமையிலிருந்து பேக்கரியில் பின்னேரமும் பாண் போட்டார்கள். வேலைக்கு ஐந்தாவது ஆளையும் எடுத்தார்கள்.