பேரனுக்கு முன்னால் நஞ்சுக்கொடியைப் பார்த்தேன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவள் பிள்ளை பெற்ற கதைதான் இது.

மூன்றாம் மாதம் தென்காசியில் எடுத்த ஸ்கேனில் ஏதோ சந்தேகம் என்றார்கள். ஊசி வைத்து நஞ்சுக்கொடியில் துளி சதை எடுத்தார்கள். குரோமோசோம் ஒன்று கூடுதல் என்று முடிவு வந்தது. கூடுதல் என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். மகளோ அழுதாள்.

"யம்மா, இந்தப் பிள்ள தங்குமா, தங்காதா?"

டாக்டரம்மாதான் பதில் சொன்னார்: "கொடியிலதான் கோளாறு தெரியுது. பிள்ளைக்கும் இருக்கான்னு இன்னும் தெரியாது. அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதீங்க. ஒரு மாசம் கழிச்சு பனிக்குடத் தண்ணிய எடுத்துப் பாப்போம்."

"ரெண்டும் ஒரே கருவுல வந்ததுதான? ஒண்ணு கெட்டா இன்னொண்ணு எப்படி நல்லாருக்கும்?"

"இருக்கும் ஆச்சி. ஆரம்பத்திலயே பிரிஞ்சு தனித்தனியா வளருது."

தலையை ஆட்டினேன். புரியவில்லை. எனக்குத் தெரிந்த கொடி வேறு. பசு கன்று போட்டால் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம், பால் வற்றாமல் இருக்க. சுரண்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கொடியையெல்லாம் நான்தான் குழி வெட்டிப் புதைத்தேன். ஒன்றையும் யாரும் ஊசி வைத்துச் சோதித்ததில்லை.

அந்த மாதம் முழுக்கக் குற்றாலத்தில் சாரல். அருவிக்குப் போய்வந்த ஈரத் தலைகளுக்கு நடுவே பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். தண்ணீர்ச் சோதனையில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் கொடி பலவீனம், பிள்ளை எடை போடாமல் போகலாம், அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார்கள். நல்ல சேதியா, கெட்ட சேதியா? எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

பிரசவ அறைக் கதவைத் திறந்து நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி நீட்டினாள்.

"பேரன் ஆச்சி. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கொறச்சல்."

"கொடி எங்க தாயி?"

"நல்ல ஆச்சி போங்க! எல்லாரும் பிள்ளயக் கேப்பாவ, நீங்க கொடியக் கேக்கிய!"

சோதனைக்கு அனுப்ப டப்பாவில் வைத்திருந்ததைக் காட்டினாள். கொஞ்சம் சிறிது. மற்றபடி எல்லாக் கொடியையும் போல ஈரல் நிறம். கோளாறு எங்கே இருக்கிறதென்று குனிந்து குனிந்து தேடினேன்.

உள்ளிருந்து மகள் கத்தினாள்: "யம்மா, எம்பிள்ளயப் பாத்தியா? நல்லாருக்கானா?"

அவனை நான் இன்னும் பார்க்கவே இல்லை. பயந்துகொண்டே துணியை விலக்கினேன். எலிக்குஞ்சு உடம்பு. அழுகையோ ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

"நல்லாருக்கான்ட்டி!" என்று நானும் கத்தினேன். நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினாள்.