கல்லைப் பார்க்கும் கங்கம்மாள்

மனை பார்க்க அழைத்தால் கங்கம்மாள் மண்ணைப் பார்ப்பதில்லை. நேராகக் கல்லிடம் போவாள். எல்லைக் கல்லின் அடியைக் கால் கட்டைவிரலால் நெம்புவாள். மண் இளகினால் திரும்பி நடந்துவிடுவாள். "இந்தக் கல்லு நேத்து வந்தது. இதுக்கு இந்த எடத்தப் பத்தி இன்னா தெரியும்?" என்பாள்.

பிள்ளைப்பாக்கத்தில் அவள் நிலத் தரகு பேசத் தொடங்கிப் பதினான்கு வருஷம் ஆகிறது. வயது ஐம்பதைத் தொடுகிறது. பத்திரிகை வாசிக்க வராது. ஆனால் சர்வே படத்தை விரித்தால் வாய்க்கால் எங்கே, வண்டிப்பாதை எங்கே என்று விரல் தானாகப் போய் நிற்கும். கையில் கறுப்புக் குடை. இடுப்புச் சுருக்குப் பையில் வறுத்த வேர்க்கடலை. பேரம் முற்றிக் குரல் உயர்ந்தால் இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்துவிடுவாள். வாய் மென்றுகொண்டிருக்கும்போது யாரும் கத்த முடியாதல்லவா.

தொழிற்சாலைகளுக்காக நிலம் கைமாறத் தொடங்கியதிலிருந்து மண்ணூர் முதல் வல்லக்கோட்டை வரை அவளைத் தேடி வருகிறார்கள். இந்தத் தொண்ணூற்றொன்றின் மாசியில் வந்தவன் கோவர்தன். ஸ்ரீபெரும்புதூர்க்காரன், சென்னைக் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். வழவழப்பான வண்ணத்தாள் ஒன்றை விரித்தான். ஏலகிரியைத் தாண்டி ஒரு மலை. நடுவில் கோல்ஃப் மைதானம், சுற்றிலும் ஓட்டுக்கூரை வீடுகள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே வாங்கும் என்றான். ஒரு பந்தை உருட்ட இவ்வளவு பெரிய இடமா என்று வியந்தவள், கண்ணால் பார்க்காமல் யாருக்கும் சொல்வதற்கில்லை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தோத்தாத்ரி. மனைவியின் மூச்சிழுப்புக்கு மலைக்காற்று நல்லது என்று, இருந்த சேமிப்பு முழுவதற்கும் காசோலை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

மேலே புல் பச்சைப்பசேலென்று கிடந்தது. குழிக்கொரு சிவப்புக் கொடி. எல்லோரும் அதில் மயங்கி நிற்க, கங்கம்மாளின் கண் கம்பெனி போட்டிருந்த பந்தலின் வாசலில் படியாகப் போட்டிருந்த கல்லின் மேல் விழுந்தது. பழைய கல், பாசி ஏறியிருந்தது. குனிந்து தடவினாள். ஓர் அம்புக்குறி, அதன் கீழே ஓர் எண். அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வந்த பெண்ணிடம் விசாரித்தாள். போன பொங்கல் வரைக்கும் அந்தக் கல் கீழே சரிவில் நட்டிருந்ததாம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் காட்டிலாகா நிலமாம்.

அவள் பந்தலுக்குள் வந்தபோது தோத்தாத்ரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார்.

"பேனாவ மூடுங்க சாமி. இது கெவுருமெண்டு காடு."

கோவர்தன் அவளை ஓரமாக அழைத்துப் போய், மேலிடத்தில் சொல்லி அவள் பேருக்கே ஒரு மனை எழுதித் தருவதாகச் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாய்ப் பத்திரத்த நீ படிச்சியா தம்பி?"

அவன் படித்திருக்கவில்லை. மேலிடம் கொடுத்ததை விற்றான், அவ்வளவுதான்.

"நான் கூட்டியாந்த ஜனம். நானே கூட்டிகினு போறேன்" என்றாள் கங்கம்மாள். சாப்பாட்டுக்குப் போட்ட இலையில்கூட உட்காராமல் பன்னிரண்டு பேரையும் அரசுப் பேருந்தில் ஏற்றினாள். இறங்கியதும் தோத்தாத்ரி கைகூப்பினார். வல்லக்கோட்டைக் காற்றுக்கு என்ன குறை, வீட்டம்மாவை ஒரு நாள் அழைத்து வந்து உட்கார்த்திப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவர் வந்தார். வைகாசியில் அங்கேயே ஒரு மனை பதிவாயிற்று. ஆடியில் காட்டிலாகா அந்த மலையைச் சுற்றி வேலி போட்டது.

போன வாரம் கோவர்தன் மறுபடி வந்தான். கம்பெனியை விட்டுவிட்டானாம்; பிள்ளைப்பாக்கத்தில் தனக்கென்று வீடு கட்ட மனை வேண்டுமாம். அவள் பழையதைக் கிளறவில்லை. உள்ளே போய், ஒரு மனையின் தாய்ப் பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை அத்தனையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் புரட்டாமலே விலை கேட்டான்.

கங்கம்மாள், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை, அவனோடு சேர்த்து, படிக்க வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள்.