காரில் இருந்தவளை உள்ளே அழைத்தவர்

துப்பாக்கிக் கடை சுலோசனா அம்மா போய்விட்டார் என்று ரைஃபிள் கிளப்பிலிருந்து தகவல் வந்தபோது, நான் களத்தில் தேங்காய் உரிக்கும் ஆட்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். போனை எடுத்தவள் என் மனைவி பார்வதி. "அம்மா போயிட்டாங்களாமுங்க" என்றாள். ஆட்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

கோவை டவுன்ஹால் பக்கம் அவர் கடைக்குப் போன நம் எல்லோருக்கும் அவருடைய பழக்கம் தெரியும். எந்த ரிவால்வரை எடுத்தாலும் சிலிண்டரைத் திறந்து நம் கண்ணெதிரே திருப்பி, "காலி, பாத்துக்கிட்டீங்களா?" என்பார். நாம் வாய் திறந்து "பாத்தாச்சு" என்று சொல்லும்வரை கையில் தரமாட்டார். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அதேதான்.

சில வருஷங்களுக்கு முன்பு, தோட்டத்து வீடுகளில் தனியாக இருப்பவர்களை அடித்துப்போட்டு நகையைப் பறிக்கிறார்கள் என்று பேச்சு பரவிய சமயம் அது. கிணத்துக்கடவில் எங்கள் வீடும் தென்னந்தோப்புக்கு நடுவில்தான். உரிமம் வாங்கிக்கொண்டு முதன்முதலாக அவர் கடைக்குப் போனேன். ஒரே கைத்துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் ஆகவேண்டும் என்றேன். வீட்டுக் காவலுக்கு, காட்டுப்பன்றிக்கு, வியாபாரமாக ஈரோடு போகும்போது இடுப்பில் வைக்க, கிளப் போட்டிக்கு. பார்த்தவுடனே எவனும் மிரளவேண்டும். கனமாக ஒன்றைக் கைகாட்டவும் செய்தேன்.

சிரித்துவிட்டார். "ஏனுங்ணா, ஒரே செருப்புல உழவும் ஓட்டி, கண்ணாலத்துக்கும் போவீங்களா? பன்னிக்கு இது ஆகாதுங்க, அடிபட்டா உங்க மேலயே திரும்பும். போட்டிக்குக் கிளப்லயே துப்பாக்கி இருக்குது. இடுப்புல வெச்சீங்கன்னா உங்களுக்கு வாய்தான் நீளும்." எனக்குச் சுருக்கென்றது. என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும், இவருக்கு எப்படித் தெரிந்ததோ! "மிச்சம் ஊட்டுக் காவல். நீங்க ஈரோடு போனா ஊட்டுல யாருங்க?"

"சம்சாரம்தான்."

"அவங்க எங்கீங்க?"

"கார்ல இருக்கா."

நம் பக்கத்து வழக்கம் அதுதானே. மோட்டாரோ டிராக்டரோ, ஆண்பிள்ளை உள்ளே போய் விலை பேசுவான்; பெண்பிள்ளை வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். சுலோசனா அம்மா தெருவுக்கே இறங்கிப் போய்விட்டார். "அம்மணி, உள்ள வாங்க."

நான் கைகாட்டிய ரிவால்வரைத் திறந்து காட்டிவிட்டுப் பார்வதியிடம் கொடுத்தார். அவளுக்கு மூட்டுவலி விரல், டிரிக்கர் அசையவில்லை. அப்போதுதான் சொன்னாள்: "இவரு வெளியூர் போற அன்னிக்கெல்லாம் சமையக்கட்டுக் கதவைத் தாப்பாப் போட்டுட்டு உள்ளயே உக்காந்துக்குவேனுங்க. பட்டப்பகல்லயும் வெளிய வரமாட்டேன்." ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நான் அங்கே அழாமல் நின்றதே பெரிது.

"துப்பாக்கி வாங்கறவங்க கைக்கு இல்லீங்க, தனியா இருக்கறவங்க கைக்கு" என்றார். அன்று எனக்கு எதையும் விற்கவில்லை. பார்வதி பெயரில் உரிமத்துக்கு மனு போடச் சொன்னார். தோப்பில் விளக்குப் போடுங்க, நாய் வளருங்க, பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சைரன் வையுங்க என்றார். "எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுப்போடோணும். அப்ப இதுகதானுங்க காவல்."

அவளுக்கு உரிமம் வந்தபிறகு, அவள் விரலுக்கு இணங்குகிற சின்ன ரிவால்வராகத் தேடிக் கொடுத்தார். என் உரிமத்தில் நான் எதுவும் வாங்கவே இல்லை. சுட்டுப் பழக இருவரும் கிளப்புக்குப் போவோம்; பார்வதியின் குண்டு குறியின் நடுவில் போய்ப் படும், என்னுடையது எங்கே போகும் என்று கேட்காதீர்கள். "அண்ணனைக் கார்லயே உக்கார வெச்சுரலாமுங்களா அம்மணி?" என்று சுலோசனா அம்மா பின்னால் நின்று வம்பிழுப்பார். என்னைக் கிண்டல் செய்ய இனி யார் இருக்கிறார்கள்?

அந்த ரிவால்வரை ஒரு மனிதன்மேல் நீட்டவேண்டிய நிலை இதுவரை வரவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் நான் ஈரோட்டிலிருந்து திரும்பும்போது சமையலறைக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. பார்வதி களத்தில் நின்று ஆட்களிடம் என்னைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். சுலோசனா அம்மா எனக்கு வைத்துவிட்டுப் போனது அந்தத் திறந்த கதவுதான்.

துக்கத்துக்குப் போனோம். நான் காரை நிறுத்திச் சாவியை எடுப்பதற்குள் பார்வதி இறங்கி முன்னால் போய்விட்டாள்.