கஸ்தூரி அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இருந்தார்

கஸ்தூரி அக்கா போய்விட்டார்.

இன்று காலை, மேனாம்பேடு வீட்டில். கிட்னி சரியில்லை என்று தெரியும். ஆனாலும் அவர் மகள் நித்யா போனில் "அம்மா பூடுச்சிக்கா" என்றதும் போட்டது போட்டபடி ஓடினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவர். நாங்கள் குருஜியிடம் தியானத்துக்குப் போன காலத்தில் பழக்கம். ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு ஹால், ஞாயிறு தோறும்.

அம்பத்தூர் கொசுவைப் பற்றிச் சொல்லவா வேண்டும். அடிக்கக் கூடாது என்பது குருஜி உத்தரவு. அதனால் நாங்கள் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் சாம்பிராணிப் புகையோடு சுற்றி வருவார். அதுதான் அவருக்குக் கொடுத்த சேவை.

"நீங்கள்லாம் மேல மேல போறீங்கோ, நான் கொசுவோட கீயவே கீறேன்" என்று சிரிப்பார்.

என் தம்பி தினேஷுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிஃப்ட், அவன் மட்டும் ஹாலுக்குப் போனான். சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"அக்கா, மாத்திர அட்டைய குருஜி வாங்கி வெச்சுக்கினாரு. இனிமே வேணாம்னுட்டாரு."

நானும் அம்மாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. அடுத்த மாதமே அண்ணனூர் பிளாட்ஃபாரத்தில் வலிப்பு வந்து விழுந்தான். தலையில் அடி... இருபத்தி நாலு வயது.

அதற்குப் பிறகுதான் கூத்து. குருஜி ஊரை விட்டுப் போனார், ஹாலைப் பூட்டிவிட்டார்கள், இப்போது அது ஜிம், பழைய சீடர்கள் வாட்ஸப் குரூப் மட்டும் மிச்சம். பாஸ்கர் சார் வாய்ஸ் நோட் போட்டார், குருஜி அட்டையைத் திருப்பிக் கொடுத்து டாக்டர் சொன்னபடி சாப்பிடு என்றாராம், இவர் கண்ணால் பார்த்தாராம். இன்னொருவர், அது வெறும் சத்து மாத்திரை என்றார். வேறொருவர், உங்கள் தம்பி அன்றைக்கு வரவே இல்லையே அம்மா என்றார்.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா அவர்களை நம்பினாள். குருஜி அப்படிச் சொல்ல மாட்டார், இவன்தான் திமிரில் மாத்திரையை விட்டுவிட்டான் என்று செத்துப்போன பிள்ளையைத் திட்டிக்கொண்டே இருந்தாள். சோறு இறங்கவில்லை. எனக்கு அந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை.

பதினாறாம் நாள் கஸ்தூரி அக்கா வந்தார். அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் பாத்தேம்மா. குருஜி கைய நீட்டி வாங்கினாரு. ஆசனத்துக்குக் கீய சொருவிக்கினாரு. உம் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவன ஏசாத."

அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அக்கா பிசைந்து கொடுத்த ரசம் சோற்றைச் சாப்பிட்டாள். சுவரில் இருந்த குருஜி படத்தைக் கழற்றி பீரோ மேல் போட்டாள்.

அன்றிலிருந்து குரூப்பில் யார் என்ன சொன்னாலும் நான் ஒரே பதில்தான் போடுவேன். கஸ்தூரி அக்கா பார்த்தார்.

இன்று காலை ஐஸ் பெட்டி பக்கத்தில் நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளாக அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

"அக்கா... அந்த ஞாயித்துக்கிழம அம்மா ஹாலுக்கே போவல. அன்னிக்குத்தான் என்னப் பொண்ணு பாக்க வந்தாங்கோ. சாயங்காலம் தினேஷு வந்து பஜ்ஜி துன்னுகினே மாத்திர மேட்டர சொன்னான். அம்மா அத நம்புச்சு. பாத்தேன்னு சொன்னாத்தான் உங்கம்மா ஒரு வாய் துன்னும்னுச்சு."

அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

பாஸ்கர் சார், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுவீர்கள். போடுங்கள். எனக்கு இனி ஜெயிக்க வேண்டாம்.

ஆனால் அன்றைக்கு ஹாலில் இருந்த யாராவது, ஒரே ஒருத்தர், கொசு கடித்தாவது ஒரு நொடி கண்ணைத் திறந்திருக்க மாட்டீர்களா? கெஞ்சிக் கேட்கிறேன். குரூப்பில் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஏனென்றால் சின்ன வயதில் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, முழுங்கிட்டேன் என்று ஆவென வாயைத் திறந்து காட்டினவனும் இதே தினேஷ்தான். இத்தனை வருஷம் இது எனக்கு ஞாபகமே வரவில்லை. இன்று காலையிலிருந்து இது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் தெருக்காரர்கள் படித்தால் தயவு செய்து அம்மா காதில் போடாதீர்கள். அவளுக்குப் போனில் படிக்கத் தெரியாது.

சாயங்காலம் எடுக்கிறார்கள். அம்மா பெரிய ரோஜா மாலையாக வாங்கி வைத்துக்கொண்டு, "என் புள்ளைக்காகப் பேசுன மனுசி, சீக்கிரம் கெளம்புடி" என்று ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறாள்.

போய் வாருங்கள் அக்கா. அங்கே அவனைப் பார்த்தால், திட்டாமல் கேளுங்கள்... மாத்திரையை என்னடா பண்ணினே என்று.