ரோட்டு மலைக் கவ்வாத்து

தலவாக்கலை டவுன் எங்கள் தோட்டத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த காலம். முதலில் கடைகள் வந்தன. பிறகு வீடுகள். ஓட்டு வீடு, கண்ணாடி ஜன்னல். அதற்கடுத்து இருந்தது தேயிலை நட்ட எங்கள் ரோட்டு மலை. மலைக்குக் கீழே எங்கள் லயம், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்.

அந்த வருஷம் மற்ற மலைகளுக்குக் கவ்வாத்து முடிந்துவிட்டது. ரோட்டு மலைக்கு மட்டும் உத்தரவு வரவில்லை. தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை தாழ வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டாவிட்டால் செடி மரமாகிப் போகும். வெட்டாமல் விடுகிறார்கள் என்றால் அந்த மலை தோட்டத்துக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

ஒரு ஜீப்பும் வந்து போனது. நிலம் அளக்கும் சங்கிலியோடு இறங்கிய ஆட்கள் மார்பளவுச் செடிக்குள் நுழையப் பார்த்தார்கள். முடியவில்லை. கையைக் கீறிக்கொண்டு திரும்பிப் போனார்கள். என் சம்சாரம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

மலை போனால் லயமும் போகும். எங்களைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடம், அஞ்சாம் வகுப்போடு சரி. என் மகள் டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறு படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் கேட்டேன்.

"ஐயா, ரோட்டு மலைக்கு எப்பங்க கவ்வாத்து?"

"வரும், வரும்."

"விக்கப் போறாங்கன்னு டவுன்ல பேசிக்கிறாங்களே?"

"டவுன்ல ஆயிரம் பேசுவானுங்க. ஒனக்கு அங்க என்னடா வேலை?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க சாமியக் கும்பிட்டுட்டா யாரு நிறுத்தப் போறா?"

கவ்வாத்துக்கு முன்னால் மலை மூலையில் கல் நட்டு, கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுப்போம். கத்திகளை அந்தக் கல்லடியில் வைத்து எடுப்போம். கும்பிட்ட மலையை வெட்டாமல் விட்டால் கத்தி ஆளையே வெட்டும் என்று பயம். அதில் தோட்டத்துத் துரைகூடத் தலையிடுவதில்லை.

மச்சானிடம், அதாவது சம்சாரத்தின் அண்ணனிடம், சொன்னேன்.

"அப்பறம் என்ன, கும்பிட்டுருவோம். வெட்டுன மலைய எவன் விப்பான்?"

"அந்தாளு எதுக்கு மச்சான் நமக்கு நல்லது சொல்றாரு?"

"நீ திருநீறு குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசுவ."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் சேவல் என் வீட்டுச் சேவல்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு கிடையாது. கும்பிட்டுவிட்டு இறங்கினோம். சம்பளமில்லாத வேலை. பெண்கள் பின்னாலேயே வந்து வெட்டிய கிளைகளை விறகுக்குக் கட்டினார்கள். நடுப்பகலில் கண்டாக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தோம்.

"நல்லா தாழ்த்தி வெட்டுங்கப்பா" என்றார்.

கவ்வாத்து மலைக்கு அவர் அளவுக் குச்சி இல்லாமல் வரமாட்டார். அளவுக்கு மேல் தாழ வெட்டினால் செடி பட்டுப்போகும். ஒரு செடி குச்சிக்குத் தாழ்ந்து போனால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். அன்று வெறுங்கையோடு வந்திருந்தார்.

"குச்சி எங்க மச்சான்?" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை. குச்சிக்கும் லீவு. நீ வெட்டு."

வெட்டினேன். பொழுது சாய மலை மொட்டையானது.

மறுநாள் அதே ஜீப் வந்தது. சங்கிலி இப்போது தடையில்லாமல் ஓடியது. வெட்டிய கட்டைகளுக்கு நடுவே முளை அடித்துக்கொண்டே போனார்கள். சங்கிலி பிடித்தவன் எங்களைப் பார்த்து, "பொஹோம ஹொந்தாய்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். ரொம்ப நல்லது என்கிறான்.

கண்டாக்கு தள்ளி நின்றார். கையில் குச்சி இருந்தது.

மலை துண்டு துண்டாக விலைபோனது. ஒரு துண்டு கண்டாக்கின் மைத்துனர் பேரில் என்றார்கள். நான் பார்க்கவில்லை. எங்களை மேல் டிவிஷனுக்கு அனுப்பினார்கள். மகள் கொஞ்ச நாள் அங்கிருந்து இறங்கிப் போய்ப் படித்தாள். மழைக்காலத்தில் நின்றுவிட்டாள். அடுத்த வருஷம் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள்.

டவுன் இன்னும் மேலே ஏறி வருகிறது. பெரிய மனிதர் யாராவது வந்து நல்லது சொன்னால், நான் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன்.