இருபத்தொன்றாம் இழை

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ‘என் நண்பனோட நண்பனுக்கு நடந்துச்சு’ என்று ஆரம்பிப்பார்கள். எந்த இடம் என்று கேட்டால் மழுப்புவார்கள். எத்தனை மணி என்று கேட்டால் நடுச்சாமம் என்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

எனக்கு நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் 2:47. அறையில் பன்னிரண்டு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. நான் குடிக்கிறவன் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பைபர் கேபிள்காரன். பத்தொன்பது வருஷ சர்வீஸ். நீங்கள் பேசுகிற போன், பார்க்கிற படம், எல்லாம் காற்றில் பறந்து போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே அப்படித்தான் உளறுகிறார்கள். டவர் வரைக்கும்தான் காற்று. அதற்கப்புறம் எல்லாம் மண்ணுக்கு அடியில், தலைமுடி கனத்தில் இருக்கிற கண்ணாடி இழைக்குள், வெளிச்சமாக ஓடுகிறது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு கேபிள் போகிறது. ஒன்பது கிலோமீட்டர். உள்ளே இருபத்துநாலு இழைகள். ஆபத்து என்று யார் கூப்பிட்டாலும் அந்த அழைப்பு முதல் இரண்டு இழைகளில் போகும். அவை கெட்டால் மெஷின் தானாகவே இருபத்தொன்று, இருபத்திரண்டுக்கு மாற்றிவிடும். அதுவரை அந்த இரண்டும் சும்மா கிடக்கும்.

கேபிள் போட்டு முடித்ததும் ஒவ்வோர் இழையையும் இரண்டு முனையிலிருந்தும் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு மெஷின் உண்டு. இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பும். திரும்பி வருவதை வைத்து, இழை எத்தனை கிலோமீட்டர் போகிறது, எங்கே முடிகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம். மொத்தம் நாற்பத்தெட்டு தடவை. எந்த மடையன் உட்கார்ந்து செய்வான்? போன வருஷம் இந்தக் கேபிளில் பதினெட்டு இழை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பதினெட்டாவது படத்தையே எண்ணை மாற்றி மாற்றி ஆறு தடவை சேமித்தேன். மிச்சம் ஆறும் பாஸ். இந்தத் தொழிலில் செய்யாதவன் யார்?

என் மச்சினன் மட்டும் முனகினான். மனைவியின் தம்பி, எனக்குக் கீழே வேலை செய்கிறான். எங்கள் ஆட்கள் அவனுக்கு வைத்த பேர் ‘ரெண்டு தடவை’. பூட்டின கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற பிறவி.

“அத்தான், இன்னும் ஆறு பாக்கலையே.”

“பாத்து நீ என்ன கிழிக்கப் போற? ஷீட்ல கையெழுத்து போடு.”

போட்டான். எனக்கு எதிரே நின்று பேச அவனுக்கு எப்போதும் வாய் வந்ததில்லை.

மூன்று மாதம் முன்னால் ஒரு மத்தியானம் முதல் இரண்டு இழைகளும் செத்துப்போயின. பதினொரு நிமிஷம். மாற்று இழைகள் கைகொடுக்கவில்லை. அன்று நான் லீவு. இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தால் விசாரணைக் குழு, கோப்பு, கூட்டம்! பைபருக்கும் நைலான் கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாத நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தலையாட்டினார்கள். மாற்று இழை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு வந்து சேரவே அவர்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார்.

“இருபத்தொண்ணை டெஸ்ட் பண்ணுங்க. ஷீட்ல உங்க மச்சினன் கையெழுத்து இருக்கு. இழை செத்திருந்தா அவன் வேலை போயிடும். இப்பவே சொல்லிட்டேன்.”

அவனுக்கு வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் வேலை. சின்ன வயசு, வேறு தேடிக்கொள்வான் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இல்லை.

மச்சினனைக் கட்டுப்பாட்டு அறை முனைக்கு அனுப்பினேன். நான் எக்ஸ்சேஞ்சின் அடித்தளத்தில், கேபிள் அறையில். ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, அதையும் உள்ளே தாழ் போட்டேன். அங்கே மொபைல் எடுக்காது. அதனால் நாங்கள் இழை வழியாகவே பேசிக்கொள்வோம். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பேச்சுப் பெட்டி, தலையில் ஹெட்போன். குரல் வெளிச்சமாகப் போய் அந்தப் பக்கம் குரலாக வரும்.

2:45. இருபத்தொன்றில் வயரைச் செருகினேன். ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. ஆனை அசைந்து வருகிறது போலத்தான் அவன் வருவான் என்று காத்திருந்தேன்.

2:47. கர்... என்று ஒரு இரைச்சல். பிறகு, தண்ணீர் சத்தம். வாளி நிரம்பி வழிகிற சத்தம்.

“ஹலோ... ஆம்புலன்ஸா?”

பெண் குரல். வயசானவள்.

“அவரு பாத்ரூம்ல விழுந்துட்டாருங்க... மூச்சு லேசா வருது... மாடி வீடுங்க, நீல கேட்டு...”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் யாரோ மச்சினனின் பெட்டியை வாங்கி விளையாடுகிறார்கள். அவனும் இளித்துக்கொண்டு நிற்பான்.

“யாரும்மா நீ? இது டெஸ்ட் லைன். விளையாட உனக்கு வேற ஆள் கிடைக்கலையா? போனை வை.”

தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“...சரிங்க.”

டொக்.

அப்போதுதான் கவனித்தேன், பேச்சுப் பெட்டியில் சிக்னல் விளக்கு எரியவே இல்லை. மேஜையில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் இருந்தது. வயரைக் கழற்றி அதில் செருகினேன். பீப்... பீப்... பீப்... வெளிச்சம் இல்லை என்பதற்கான சத்தம். அந்த முனையிலிருந்து பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. வெளிச்சம் இல்லாமல் குரல் எப்படி வரும்?

மீட்டர் கெட்டிருக்கும் என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். சோதனை மெஷினில் செருகினேன்.

2:50. இழை முடிகிற இடம், 4.318 கிலோமீட்டர்.

ஒன்பது காட்ட வேண்டும். பாதி வழியில், கேபிள் துண்டுகளை ஒட்டுகிற ஜாயின்ட் குழியோடு நிற்கிறது. அங்கே யாரும் சேர்க்கவே இல்லை. அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் வழியே கிடையாது.

அப்படியானால் நான் யாரோடு பேசினேன்?

இன்னொரு தடவை பார்த்தேன். ஆமாம், இரண்டாம் தடவை. மச்சினன் இருந்திருந்தால் சிரித்திருப்பான்.

2:53. 2.106 கிலோமீட்டர்.

கண்ணாடி இழை சுருங்காது. மறுபடி பொத்தானை அழுத்தினேன்.

2:56. 0.640.

ஏசி சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை...

2:59. 0.038. முப்பத்தெட்டு மீட்டர். கதவுக்கு வெளியே இருக்கிற நடை, முனைக்கு முனை முப்பத்தெட்டு மீட்டர்.

வெளியே... தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

வயரைப் பிடுங்கி எறிந்தேன். மெஷினில் இப்போது எதுவுமே இணைந்திருக்கவில்லை. கோடு மட்டும் ஓடியது.

3:02. 0.002.

இரண்டு மீட்டர்.

நான் திரும்பவில்லை.

0.000.

ஹெட்போன் மேஜையில் கிடந்தது. குரல் என் வலது காதில், மூச்சுச் சூட்டோடு கேட்டது.

“நீங்க சொன்னபடி வெச்சுட்டேங்க.”

அதற்கப்புறம் எனக்கு நினைவு இருப்பது, நடையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. 3:40-க்கு மச்சினன் வந்து தோளைத் தொட்டான். கத்திவிட்டேன்.

“என்ன அத்தான்? பாஸ் இல்லன்னு கேட்லயே நிறுத்திட்டாங்க. உள்ளயே விடல. பொட்டியக்கூட நான் பிரிக்கல.”

அன்று சாயங்காலமே குழியைத் திறந்தோம். ஜாயின்ட் பெட்டிக்குள் ஆறு இழைகள் சுருட்டி டேப் ஒட்டி வைத்தபடியே கிடந்தன. ஜாயின்ட் போட்டவன் மறுநாள் வந்து செய்யலாம் என்று விட்டிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

“இப்பவே சேத்து மூடிடலாமா அத்தான்? யாருக்கும் தெரியாது.”

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியதைப் பார்த்தவன் நான். இன்னொரு தடவை மூட எனக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் விசாரணை. ஒரு ஆள் வந்திருந்தார், நாற்பது வயது இருக்கும். புகார் கொடுத்தவர். கையில் பழைய மொபைல். அவருடைய அம்மாவின் போன், எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்துவைக்கிற ரகம். லைன் செத்திருந்த அந்தப் பதினொரு நிமிஷத்தில் அம்மா பதினாலு தடவை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

“பதிமூணு தடவை போகவே இல்ல. கடைசி தடவை, 2:47-க்கு, ஒருத்தர் எடுத்திருக்காரு. அது யாருன்னு எனக்குத் தெரியணும்.”

போனை மேஜையில் வைத்து அழுத்தினார்.

வாளி நிரம்பி வழிகிற சத்தம். நீல கேட்டு. பிறகு ஒரு ஆணின் குரல், சலிப்பும் ஏளனமுமாக. யாரும்மா நீ, இது டெஸ்ட் லைன். முழுவதும் ஓடியது. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மச்சினன் என்னைப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். வேலை போனாலும் அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டான். அவ்வளவு நாளும் அவனை நான் என்னவென்று நினைத்திருந்தேன்!

“என் குரல்தான்,” என்றேன். “அந்த ஆறு இழையை டெஸ்ட் பண்ணாம விட்டதும் நான்தான். அவனைக் கையெழுத்து போட வெச்சதும் நான்தான்.”

மேற்பார்வையாளர் கோப்பைப் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“அன்னிக்கு நீங்க லீவு. ஊர்லயே இல்ல. கேபிள் ரூமை யாரும் திறக்கவும் இல்ல.”

நான் பேசி நாலு நாள்தான் ஆகிறது. அந்தப் பதிவுக்கு மூன்று மாதம் வயசு. இதை எந்தக் குழுவிடம் போய்ச் சொல்வது?

“உங்க அம்மாகிட்ட நான் பேசணும்,” என்றேன்.

“அம்மா போன மாசம் போயிட்டாங்க.” அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அப்பா விழுந்து இறந்த அன்னிக்கே என்கிட்ட சொன்னாங்க. ஒருத்தர் எடுத்தாருப்பா, வைக்கச் சொன்னாரு, வெச்சுட்டேன்னு. அதுக்கப்புறம் அவங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடவே இல்ல.”

கோப்பு என் பக்கம் திறந்திருந்தது. லைன் திரும்ப வந்த நேரம் அதில் எழுதியிருந்தது.

2:49.