பூங்கா மனையின் எல்லைக்கற்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். வசந்தா மேடம் தவறிய செய்தி நம் தெரு வாட்ஸ்அப்பில் வந்தபோது, நீளமாக இருக்கிறதே என்று படிக்காமல் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். வீட்டுக்காரி படித்துச் சொன்ன பிறகுதான் அழுதேன். அதற்குள் என்னைப் பார்த்து இன்னும் சிலர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

சிறுசேரிக்குப் பின்னால் இருக்கும் இந்த மனைப்பிரிவுக்குத் தண்ணீர் கேன் போடுகிற எனக்கு, ஓய்வுபெற்ற நர்ஸான அவர்தான் சரியான வாய்ச்சண்டை ஜோடி. இங்கே தடுக்கி விழுந்தால் சிப்ஸ் கடை. கீரை வாங்க மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். "கைக்கு எட்டுறதைத்தான் புள்ளைங்க திங்கும். மனை பிரிக்கும்போதே பாதி வியாதி உள்ள வந்துடுது" என்பார். பூங்காவுக்கென்று விட்ட காலி மனையில் கீரைப்பாத்தியும் விளையாட இடமும் கேட்டுப் பஞ்சாயத்தை நச்சரித்தார். பக்கத்து மனைக்காரரோ அங்கே கடைகள் கட்டப் பார்த்தார். எல்லைக்கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தன. நகர்த்தியதை யாரும் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம். பூட்டிய வீடுகள், காக்கைகூட இல்லை. மேடம் அந்த மனை நடுவில் தனியாக நின்று, "அந்தப் பக்கம் போகாதே கண்ணு, முள்ளு இருக்கு" என்றார்.

"இன்னா மேடம், யாராண்ட பேசிகினு கீறீங்க? பேயாண்டயா?"

"இனிமே பொறக்கப் போறதுங்ககிட்டப்பா. சுடுகாட்டுக்கு இடம் விட்டிருக்காங்க. இதுங்களுக்கு?"

சிரித்தேன். காற்றே இல்லை. கோரைப்புல் மட்டும், ஏதோ வரிசையாகப் போவதுபோல, முள்ளை விட்டு விலகி அசைந்து போனது. என் சிரிப்பு நின்றது.

அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை, எல்லாக் கற்களும் பழைய இடத்தில் நின்றன. பக்கத்து மனைக்காரர் வெளிறிப்போய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே நகத்துன?"

"கேன் தூக்கியே என் இடுப்பு போச்சு அண்ணாத்த. ஈரமண்ணு தானே, என் கால்தடம் கீதா பாரு."

குனிந்து பார்த்தார். கல்லைச் சுற்றிலும் தடங்கள் இருந்தன. எல்லாம் உள்ளங்கை அளவு, குழந்தைக் கால்கள். நம் தெருவில் அந்த வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அவர் கடை கட்டும் பேச்சையே விட்டுவிட்டார். பஞ்சாயத்து ஆட்கள் பாத்தி வெட்டிவிட்டார்கள்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்தக் கற்களை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகும் பழக்கம். நேற்றும் பார்த்தேன். அவற்றையே பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்ததில் மூலைக்கல் சாய்ந்தது. இறங்கி நிமிர்த்தி, மண் தள்ளி மிதித்தேன். என் செருப்பு ஒன்று கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. செருப்புக்காக எல்லைக்கல்லைப் பிடுங்குவது தப்பு. ஒற்றைச் செருப்போடு மீதிக் கேன்களைப் போட்டுமுடித்தேன்.